இருநூற்று நாற்பது இடது கை

எங்கள் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அந்த வேலைக்குத்தான் நான் இருந்தேன். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவளைப் பின்னால் நிறுத்திவிட்டு, நான் முன்னால் போய்ப் பூனைமேல் பழியைப் போடுவேன். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்பது வேறு விஷயம். கல்யாணமாகி ஆளுக்கொரு வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. அவளுக்காக நான் சொன்ன பொய்கள் எத்தனையோ. அதில் இரண்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்த இரண்டும் சேர்ந்து அவளைக் கொல்லப் பார்த்தன.

அக்கா சீருடை தைக்கிற பட்டறையில் கட்டர். நானும் அங்கேதான், மெஷினில். முப்பது மெஷின், இரண்டு நீள மேஜை, ஜன்னலோரம் ஒரு டீ பிளாஸ்க், எந்நேரமும் காற்றில் பஞ்சு. பள்ளிக்கூடச் சட்டையோ நர்ஸ் கோட்டோ, எது வந்தாலும் முதலில் அக்காவின் மேஜைக்குத்தான் வரும். துணியை ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றிருபது அடுக்கு விரித்து, மேலே பேட்டர்ன் அட்டையை வைத்துக் கோடு போட்டு, மின்சாரக் கத்தியால் மொத்தத்தையும் ஒன்றாக வெட்ட வேண்டும். கோடு கொஞ்சம் தப்பினால் நூற்றிருபது சட்டை தப்பும். அக்காவுக்குத் தப்பாது.

பத்தொன்பது வயதில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். மூன்றாம் வருஷம் ஒருநாள் கட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நான் வெட்டட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். மூன்று வருஷமாகப் பிசிறு வெட்டிக்கொண்டே அந்த ஆளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்று ஏறிய மேஜையை விட்டு இருபது வருஷம் இறங்கவில்லை. பட்டறையில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். ஸ்கேல் அக்கா சிரித்தால்கூட அளந்துதான் சிரிப்பாள் என்பார்கள். சுத்தப் பொய். வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் கடைசித் துண்டு கேக்குக்கு அடித்துக்கொண்டால் டேப்பை எடுத்து அளந்து பங்கு போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரிப்பாள்.

இரண்டு பிள்ளைகள். மூத்தவனைப் பெரியவன் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு மூன்று வயது இளையவள் பாப்பா. மாமா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பாக்கி நாளெல்லாம் போனில்தான் குடும்பம் நடத்தினார்.

பெரியவனுக்குப் பதினாறு வயதில் முழங்கால் வலித்தது. பந்து விளையாடுகிற பையன், எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பான் என்று தைலம் தேய்த்தோம். எலும்பில் புற்று. பதினான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். கடைசியில் டாக்டர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். எதற்காக அனுப்புகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அக்காவும் மாமாவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உடம்பு தேறட்டும், மறுபடி ஊசி போடுவார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வலிக்கு ஒரு திரவ மருந்து கொடுத்திருந்தார்கள். பழுப்புக் கண்ணாடி பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்ச். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து மில்லி. வாரம் இரண்டு தடவை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார். மருந்தை அக்கா யாரையும் தொட விடமாட்டாள். சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருந்தால் சுண்டி வெளியேற்றி, பிறகுதான் அவன் வாயில் வைப்பாள். நர்ஸ்கூட, "உங்க அக்கா மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெரியவன் போய்விட்டான். நான் மெஷினில் இருந்தேன். போனில் பாப்பா பேசியது மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. "என்ன? சத்தமாச் சொல்லு" என்று கத்தினேன். அந்தக் குழந்தையை இரண்டாம் தடவையும் அதைச் சொல்ல வைத்தேன்.

ஐந்தாம் நாள் நர்ஸ் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்திருந்த கட்டிலையும் மிச்ச மருந்தையும் திருப்பி எடுத்துப்போக வேண்டும், அது சட்டம். அதற்கு முன்பே அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். அலமாரியில் ஒரு பாட்டில் முழுசாகவும் இன்னொன்று பாதியாகவும் இருந்தன.

"கொட்டிட்டோம்னு சொல்லுடி."

"எதுக்குக்கா?"

"அவன் வாய் வெச்ச மருந்து. இருக்கட்டும். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போறாங்க. இது மட்டுமாவது இருக்கட்டும்."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள். நான் என்ன பெரிய நீதிபதியா? கூடத்துக்குப் போய், "சிங்க்கில கொட்டிட்டோம், சிஸ்டர். பாக்கவே முடியல" என்று கண்ணைத் துடைத்தேன். நர்ஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்கொரு தரம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஏன் இவ்வளவு மிச்சம் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. இதுதான் முதல் பொய்.

இரண்டே வாரத்தில் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. யார்மேலும் எரிந்து விழவில்லை. "என்ன நெஞ்சுரம் பாரு" என்று பட்டறையே மூக்கில் விரலை வைத்தது. நானும் அதை நம்பினேன். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. டீ வேளையில் கோப்பையைக் கையில் பிடித்தபடியே தலை சாய்வாள். எந்நேரமும் கையைச் சொறிந்துகொண்டிருப்பாள். பட்டப்பகலில், நிழலில்கூட, அவள் கருவிழிக்குள் இருக்கிற புள்ளி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும்.

ஆறாம் மாதம் பேட்டர்ன் அட்டைக் கட்டுக்குள் மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு கிளினிக் சீட்டு. கேட்டேன்.

"முதுகு வலிடி. இருபது வருஷமா குனிஞ்சே நிக்கறேன், வலிக்காதா?"

வலிக்கும்தான். எல்லாக் கட்டருக்கும் முதுகு வலிக்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று சொன்னேன் இல்லையா, முகம் அப்படியே காட்டிக்கொடுத்தது. நான் அந்த முகத்தைப் பார்க்காத மாதிரி மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். பழுப்பு பாட்டில் எப்போதோ காலியாகிவிட்டிருக்கிறது, அதன் இடத்துக்குத்தான் இது வந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயம். இன்னொரு பயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.

இப்படியே இன்னொரு வருஷம் ஓடியது. பாப்பா ஒன்பதாவதிலிருந்து பத்தாவதுக்குப் போனாள். அவள் எப்படிப் போனாள், யார் தலை வாரிவிட்டார்கள், பரீட்சைக்கு யார் எழுப்பினார்கள் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. போன பிள்ளையைப் பற்றியே எல்லோரும் பேசாமல் இருந்ததில், இருக்கிற பிள்ளையோடு பேச மறந்துவிட்டோம். அக்கா அவளுக்கு அம்மாவாகத் திரும்பி வருவாளா, இல்லை அவளும் மகன் பின்னாலேயே போய்விடுவாளா என்பதுதான் அப்போது கேள்வி. நான் அதைக் கேட்காமலே காலம் கடத்தினேன்.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடச் சட்டை வந்தது. நூற்றிருபது சட்டை, மேல்புறமும் கீழ்ப்புறமும் வேறுவேறாக இருக்கிற துணி. சட்டைக் கைக்கு ஒரே ஒரு பேட்டர்ன் அட்டைதான். இடது கைக்கு ஒருமுறை கோடு போட்டதும், அட்டையைப் புரட்டிப் போட்டு வலது கைக்குக் கோடு போட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற விஷயம். அக்கா அட்டையைப் புரட்ட மறந்துவிட்டாள். புரட்டாமலே இரண்டு கோடு போட்டு, நூற்றிருபது அடுக்கையும் வெட்டிவிட்டாள்.

கண்டுபிடித்தது நான்தான். இடது கையைப் பொருத்தினேன், சரியாக உட்கார்ந்தது. வலது கை உட்காரவில்லை. வேறொன்றை எடுத்தேன், அதுவும் இடது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பது இடது கை. ஒரு வலது கைகூடக் கிடையாது. பட்டறை முழுக்கச் சிரிப்பு. "எல்லாரும் இடது பக்கமாவே கும்பிடு போடட்டும், ஸ்கேல் அக்கா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு ஒரு கையை எடுத்துத் தன் தோளில் வைத்தாள். இன்னொன்றை இன்னொரு தோளில் வைத்தாள். அது ஏன் பொருந்தவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. இருபது வருஷக் கட்டருக்குப் புரியவில்லை.

முதலாளி வந்தார். "யார் பண்ணுன வேலை இது?"

"நான்தான் சார்" என்றேன். "அக்காவுக்கு வேலை அதிகமா இருந்துச்சு. கோடு மட்டும் நான் போட்டுத் தரேன்னேன். அட்டையைப் புரட்ட மறந்துட்டேன்."

அவர் நம்பவில்லை. நம்பின மாதிரி காட்டிக்கொண்டார். என்னை ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார். அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மறுநாளும் அதே மேஜையில், அதே கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்குப் பாப்பாவிடமிருந்து போன்.

"சித்தி, அம்மா எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க. மூச்சு விடுறாங்க, விடல, அப்புறம் விடுறாங்க."

இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. செருப்புப் போடாமல் ஓடினேன். அக்கா சோபாவில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். ஆம்புலன்ஸை பாப்பாவே கூப்பிட்டிருந்தாள். நாலாவது நிமிஷம் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் குனிந்து கண்ணில் டார்ச் அடித்தபடியே கேட்டார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

என் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. முதுகு வலி, சர்க்கரை, இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று மூன்று பொய் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. பாப்பா என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நான் என்ன சொல்கிறேன் என்றுதான் பார்க்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"வலி மாத்திரை" என்றேன். "நிறைய. முதுகுக்கு இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடி அவங்க பையனோட மருந்து."

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அக்கா தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தவள் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி எழுப்புனே?"

பாப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது. அக்காவை நான் அடித்ததே கிடையாது. அன்றைக்கு மட்டும் கை ஓங்கிவிட்டேன். ஆம்புலன்ஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவள் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. வேர்வை, வாந்தி, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"அஞ்சு மில்லி குடுக்கச் சொன்னாங்க இல்ல. நான் நாலுதாண்டி குடுத்தேன். சில நாள் மூணரை."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அவர் போன்ல சொன்னாரு. பாத்துக் குடு, ரொம்பக் குடுத்தா அடிமையாயிடுவானாம், பொழச்சு எழுந்தப்புறம் விட முடியாமத் திண்டாடப் போறான்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. பொழச்சு வரப் போறவனுக்கு எதுக்கு இந்தப் பழக்கம்? அவன் பொழைப்பான்னு நெனச்சேண்டி. அதனாலதான் குறைச்சேன். ராத்திரியெல்லாம் தலகாணியைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். வலிக்குதாடான்னு கேட்டா, பரவால்லம்மாம்பான். சிரிஞ்சுல கோடு எங்க நிக்குதுன்னு அவனுக்குத் தெரியும். பாத்தான். ஒண்ணும் சொல்லல."

அவள் பல் கிட்டித்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன்.

"அவன் போனப்புறம் ஒருநாள் சரியா அஞ்சு எடுத்து நானே குடிச்சேன். குடிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு. அரை மணியில எல்லா வலியும் போச்சுடி. அவ்வளவுதான் வேணுமா இருந்திருக்கு அவனுக்கு. இன்னும் ஒரே ஒரு மில்லி."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவள் அழவில்லை.

"அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். "அவர் ஏதோ ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அவருக்கு ஞாபகமே இருக்காது. அளந்தது நான்தானே. இது தெரிஞ்சா அந்த மனுஷன் வண்டி ஓட்ட மாட்டாரு. எங்கயாவது கொண்டுபோய் மோதிடுவாரு. நீ ஏதாவது சொல்லிச் சமாளி."

"முடியாதுக்கா. நீதான் சொல்லணும். நான் கூட வந்து நிக்கறேன், ஆனா வாயைத் திறக்க மாட்டேன்."

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்தான். அக்கா தினமும் காலையில் சிகிச்சை மையத்து ஜன்னலில் வரிசையில் நின்று, அந்தப் பழக்கத்தை விடுவதற்குக் கொடுக்கிற மருந்தை அவர்கள் கண்ணெதிரே குடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறாள். நடுவில் ஒரு தடவை சறுக்கினாள். முதலாளியிடம் அவளே போய் உண்மையைச் சொன்னாள். அவர் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், வேலையை வாங்கவில்லை. இப்போது கோடு மட்டும் போடுகிறாள். ஆனால் இதெல்லாம் பிறகு. மாமா வந்த மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

மாமா எங்கேயோ பாதி வழியில் லாரியை ஒப்படைத்துவிட்டு நாலாம் நாள் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை, ஆலோசகர் அறையில் எங்கள் நாலு பேரையும் உட்காரவைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டிஷ்யூ பெட்டி, சரியாக மூடாத ஜன்னல். ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி, அவசரப்படாதவர். "யார் பேசணுமோ அவங்க பேசலாம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். மாமா தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

அக்கா சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரி சரளமாக இல்லை, மென்று விழுங்கித்தான் சொன்னாள். ஐந்துக்குப் பதில் நாலு. சில நாள் மூன்றரை. தலையணை. சிரிஞ்சை அவன் பார்த்தது. போனில் மாமா சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். "நானாத்தான் குறைச்சேன்" என்றாள். "என் புத்திதான் அப்படிப் போச்சு."

மாமா தொப்பியைத் திருகுவதை நிறுத்தினார்.

"நீயா எங்க குறைச்சே?" என்றார். "நான்தானே சொன்னேன். பாத்துக் குடு, அடிமையாயிடுவான்னு. டீக்கடை வாசல்ல நின்னு பேசினேன், பக்கத்துல லாரி ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் ஞாபகம் இருக்கு."

அக்கா அவரையே பார்த்தாள்.

"தினமும் ஞாபகம் வரும்" என்றார். "நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். மறந்துட்டதாலதான் இன்னும் என்கூட இருக்கேன்னு நெனச்சேன். ஞாபகப்படுத்திடக் கூடாதேன்னுதான் வீட்டுக்கு வர்றதையே குறைச்சுக்கிட்டேன்."

அக்கா எழுந்தாள். அவர் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "ரெண்டு வருஷம்" என்றாள். "ரெண்டு வருஷம்ங்க. வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"நீயும் சொல்லலையே" என்றார் மாமா. அவர் முகம் கோணியது. அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியவன் போன அன்றைக்கு வந்திருக்க வேண்டிய சத்தம். அவர் சட்டையை விடாமல், அவர் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாமா அவள் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஆலோசகர் எழுந்திருக்கவில்லை. டிஷ்யூவை யாரும் தொடவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. அழுகை கொஞ்சம் அடங்கியபோது, அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாத பாப்பா வாயைத் திறந்தாள்.

"அம்மா, எனக்குப் பசிக்குது."

தப்பாக எதையோ கேட்டுவிட்டவள் மாதிரி உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். மெலிந்த மணிக்கட்டு, தானே வாரிக்கொண்ட கோணல் வகிடு, குட்டையாகிப்போன சட்டை எல்லாவற்றையும் பார்த்தாள்.

"காலைல ஒண்ணும் சாப்பிடலையா?"

"நேத்து மத்தியானம் சாப்பிட்டேன்."

அக்கா முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. எழுந்து பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கேன்டீன் எந்தப் பக்கம் என்று ஆலோசகரிடம் கேட்டாள்.